சூலையும் ஆதுலசாலையும்

தமிழிலுள்ள நோய்ப்பெயர்களை வரலாற்று முறையில் ஆராயப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர், சொல் ஒன்றாய் நிற்கப் பொருள் பலவாய் விரிதல். இவ்விடர் மிகுதியும் காணப்படுவது வயிற்று நோய்களைக் குறிக்கும் சொற்களிலேயாம். அவற்றுள்ளும் 'சூலை' என்னும் சொல் தனியே ஆராயத்தக்கது. திருநாவுக்கரசர் வரலாற்றில் இச்சொல் பெற்ற இடத்தால், அஃது ஒரு தனி நோயின் பெயர் என்றே பலரும் கொண்டனர். அக்கோள் பொருந்தாது என்பதும், சூலை என்பது நோயின் பெயரன்று, நோயறிகுறி ஒன்றன் பெயரே என்பதும் ஈண்டு நிறுவப்படும். இது சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடும் செய்தியும் அன்று. அறிகுறியை நோயாக மயங்கும் மயக்கத்தால் இன்றும் உயிர்கள் இழக்கப்படுகின்றன.

சூலம் என்பது குத்தும் படை. அப்படையாற் குத்தினாற்போலும் வலி சூலை எனப்பட்டது. வடமொழி மருத்துவ நூல்களிலும் 'சூலம்' என்றே இவ்வலி வழங்கும். ஆகவே பெயர் பிறந்தது வலியின் தன்மை பற்றியேயன்றி, வலிக்கும் உறுப்புப் பற்றியோ வலிக்குக் காரணம் பற்றியோ அன்று. சித்த மருத்துவ நூல்கள் மூட்டு முதலிய பிற இடங்களில் தோன்றும் குத்தல் நோவையும் சூலை என்றே கூறுதல் இதற்குச் சான்றாம். சூலை நீங்கப்பெற்ற நாவுக்கரசர் பின்னர்ப் பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்தில் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பெற்றார் எனச் சேக்கிழார் கூறுவர். நோயின் பெயருக்கும் அருளின் குறிக்கும் சொல் ஒன்றாய் அமைந்த இந்நயம் இதுகாறும் போதிய அளவு நோக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது.

பெண்ணாகடத்துக்கு அணித்தே ஓடும் வெள்ளாறுதான் இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வடவெல்லை. அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லை கொள்ளிடம். அதன் வடகரையில் உள்ளது மூவராலும் பாடப்பெற்ற திருமழபாடி. அங்கே இறைவன் பெயர் வைத்தியநாதர். கிழக்கே கங்கைகொண்ட சோழபுரம். இந்நிலப்பகுதியை நடுவாக வைத்து நோக்கும்போது சூலையின் வரலாறு தெளிவாகப் புலப்படுகின்றது. அதற்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

முதலில் பெரியபுராணம் கூறும் செய்தியைக் காண்பாம். பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்த மருணீக்கியாருக்குத் திடுமெனச் சூலை தோன்றியது. வடவைத் தீயும் நஞ்சும் வச்சிரமும் ஒருங்கு கூடினாற்போன்ற வலியென அதனைப் புலவர் வருணிப்பர். அவர் தம் அறையில் மயங்கி வீழ்ந்தார். உடனிருந்தோர் மந்திரம் கூறியும், குண்டிகை நீரை ஓதிக் குடிப்பித்தும், மயிற்பீலியால் தடவியும் பார்த்தனர். வலி தணியாது மேலும் மேலும் முறுகியது. அவர்கள் கைவிட்டனர். அதன் பின்னரே மருணீக்கியார் சமையற்காரனைத் தமக்கையார்பால் விடுத்தார். தமக்கையார் அங்கு வர இசையாமையால், தாமே இரவில் புறப்பட்டுத் திருவதிகை சேர்ந்தார்.

இந்நிகழ்ச்சிமுறையைச் சமயப்பொருளினின்றும் சற்றுப் பிரித்து நோக்குக. திடீர்த் தோற்றம், நேரம் செல்லச் செல்ல மிகுதல், மயக்கம், கைம்மருந்துக்கு அடங்காமை என்னும் நான்கும் முறையே வந்துள்ளன. இன்றைய அறுவை மருத்துவர் ஒருவர் வயிற்றுவலியுற்ற நோயாளியின் உறவினரைக் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ இவையே. சேக்கிழார் மருத்துவர் அல்லர். ஆயினும் கடுமையான வயிற்றுவலியை அருகிருந்து கண்டவர் ஒருவரின் நோக்கு அவர் பாட்டில் உளது.

நாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதற்பதிகம் இதனினும் நேரிய சான்று. அதில் உவமைப்பெருக்கம் இல்லை. வலி வயிற்றின் உள்ளே, பிறர் கண்ணுக்குத் தோன்றாத இடத்தில், குடரோடு பிணைந்து முடக்குகின்றது என்னும் அளவே கூறப்படுகின்றது. பன்னெடுங்காலம் தமிழ்நாட்டில் வயிற்றுவலியுற்றோர் ஓதிவந்த பதிகம் அஃது. நோயுற்றார் தாமே கூறிய நோய்க்கூற்று என்னும் வகையில் 7ஆம் நூற்றாண்டுத் தமிழில் அதற்கு நிகரானது காண்டல் அரிது.

இனி, இச்சூலை யாதாகலாம் என்று வினவி, குடல்வால் அழற்சி என்றும் குடற்புண் என்றும் பித்தப்பைக் கல் என்றும் விடையிறுப்பார் உளர். இம்முயற்சி பயனற்றது என்பது எம் துணிபு. மேற்கூறிய நான்கு அறிகுறிகளும் இம்மூன்றுக்கும் பொருந்தும். கணைய அழற்சிக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் பொருந்தும். வலி எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்துக்குச் சென்றது, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, மலம் எந்நிறம் என்பனவற்றுள் ஒன்றேனும் நூலில் இல்லை. சான்று இல்லாவிடத்துப் பெயரிடுதல் ஆராய்ச்சியாகாது.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் கூறற்பாலது. இவ்வரலாற்றைக் கொண்டு, சமணர்க்கு மந்திரமும் பீலியுமன்றி மருத்துவமே தெரியாது என்று முடிவு கட்டுதல் முறையன்று. உக்கிராதித்தர் இயற்றிய கல்யாணகாரகம் சமண மருத்துவப் பெருநூல். சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசானும் ஏலாதி பாடிய கணிமேதாவியாரும் தம் நூல்களுக்கு மருந்தின் பெயரையே வைத்த சமணச் சான்றோர். சேக்கிழார் காட்டுவது ஒரு பள்ளியில் ஓர் இரவு நிகழ்ந்ததைப் பற்றிய சைவ மரபின் நினைவு. அதனை அவ்வளவினதாகவே கொள்ளல் வேண்டும்.

பெரியபுராணத்தில் சூலை பிறிதோரிடத்தும் வருகின்றது. ஏயர்கோன் கலிக்காம நாயனார் சுந்தரர் மீது சினங்கொண்டிருந்தார். அவ்விருவரையும் கூட்டுவிக்கக் கருதிய இறைவன் கலிக்காமர்க்குச் சூலையை ஏவி, அது வன்றொண்டனாலன்றித் தீராது என்றும் உணர்த்தினன். சுந்தரர் வருகின்றார் எனக் கேட்ட கலிக்காமர், அவரால் தீர்க்கப்படுவதினும் இறத்தலே நன்றெனத் தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டார். பின்னர் உயிர்பெற்றமை நூலிற் காண்க. நாவுக்கரசர் வலி பொறாது துணை தேடிச் சென்றவர். கலிக்காமர் வலி தீர்ப்பான் வாயிலில் வந்து நின்றபோதும் மானம் கருதி மறுத்தவர். ஒரே சொல், ஒரே நூல், இரு வேறு மனங்கள். மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சியும் நாணியும் வலியைக் குடும்பத்தார்க்கும் மறைப்போரை அறிந்தவர்க்குக் கலிக்காமர் கதை வியப்பளியாது.

சேக்கிழார் காலத்து அரசனாகிய அனபாயன், இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) என்பது பெரும்பாலார் கொள்கை. அவன் ஆட்சி நடந்தது கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து. அவனுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் அதே தலைநகரிலிருந்து ஆண்டவன் வீரராசேந்திரன் (1063–1070). அவன் காலத்துக் கல்வெட்டொன்று, காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ளது. எனவே, சூலையைப் பாடிய காப்பியமும் நோயாளிக்குப் படுக்கை வகுத்த கல்வெட்டும் ஒரே தலைநகரின் ஆணை செல்லும் நாட்டில், இரண்டு மூன்று தலைமுறை இடைவெளியில் தோன்றின. முன்னதைக் கற்போர் பின்னதைக் கல்லாமையும், பின்னதைப் படிப்போர் முன்னதைப் புறக்கணித்தலும் நம் துறைகளின் குறைபாடு.

அக்கல்வெட்டின்படி, அக்கோயிலைச் சார்ந்து வேதமும் இலக்கணமும் பயிலும் கல்லூரியும், மாணவர் உண்டு உறைவதற்கான இடமும், 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலசாலையும் இருந்தன. ஆதுலசாலையில் 15 நோயாளிகளுக்கு இடம். மருத்துவன் ஒருவன், அவன் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். சல்லியக்கிரியை செய்வான் ஒருவன். மூலிகை கொணர்வார், மருந்து காய்ச்ச விறகு இடுவார், நோயாளிகளைப் பேணும் பெண்டிர், நாவிதன், நீர் கொணர்வான் எனப் பணியாளரும் வகுக்கப்பட்டனர். இவ்வனைவர்க்கும் நெல்லும் காசும் வரையறுக்கப்பட்டன. இரவில் எரியும் விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டுள்ளது. நோய் இரவில் மிகும் என்பதும், இரவிலும் நோயாளியைக் காண ஆள் வேண்டும் என்பதும் அறிந்தவர்களே இத்தகைய ஒழுங்கு செய்திருத்தல் கூடும். தஞ்சையில் குந்தவையார் நிவந்தம் அளித்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலையும் இவ்வகையினது. ஆயினும் ஒன்று மறத்தலாகாது. திருமுக்கூடல் ஆதுலசாலை கல்லூரி மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியதாகவே காணப்படுகிறது. ஏர் உழுதவனுக்குச் சூலை வந்தால் அவன் எங்குச் சென்றான் என்பதற்குக் கல்வெட்டு விடை தாராது.

அங்கு ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளாக ஏறத்தாழ இருபது பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டப்படுவது இப்பட்டியலே. வாசா அரிதகி, கோமூத்திர அரிதகி, தசமூல அரிதகி, பல்லாதக அரிதகி எனக் கடுக்காயை முதலாகக் கொண்டவை மட்டும் நான்கு. வில்வாதி கிருதம், கல்யாண லவணம், உள்ளிப்பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் ஆகியனவும் உள. கடுக்காய் மலத்தை இளக்குவது. வில்வம் கழிச்சலைக் கட்டுவது. ஆமணக்கு குடலைக் கழுவுவது. பட்டியலில் கணிசமான பகுதி வயிற்றைச் சார்ந்ததாதல் கண்கூடு. 15 படுக்கை கொண்ட ஓர் இல்லத்தில் மிகுதியாக எதிர்பார்க்கப்பட்ட நோய்களுள் வயிற்றுநோய் முதன்மையானது என்பது இதனாற் பெறப்படும்.

மேலும் நோக்கத்தக்கது: மலம் இளக்கும் மருந்தும் மலம் கட்டும் மருந்தும் ஒரே அறையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன. எதனை எடுப்பது என்று தெரிந்து எடுக்க ஒருவன் வேண்டும். அவனுக்கே நெல் அளக்கப்பட்டது. மருத்துவனின் பணி மருந்து கொடுத்தலன்று, வேறுபாடு அறிதலே என்னும் உண்மையை இப்பட்டியல் சொல்லாமற் சொல்லுகின்றது.

இவ்வேறுபாட்டை நூல்கள் நன்கு அறிந்திருந்தன. ஏழு எட்டாம் நூற்றாண்டளவில் தோன்றிய மாதவ நிதானம், உண்ட உணவு செரிக்கும் நேரத்தில் எழும் வலியைப் பரிணாம சூலம் என்றும், செரித்தாலும் செரியாவிட்டாலும் விடாத வலியை அன்னத்திரவ சூலம் என்றும் பிரிக்கின்றது. யூகி வைத்திய சிந்தாமணி குன்மத்தை எண்வகைப்படுத்தும். வாந்தியோடு கூடியது சத்தி குன்மம், எரிவோடு கூடியது எரி குன்மம், வலி மேம்பட்டது வலி குன்மம் என அப்பகுப்புச் செல்லும். சுசுருதர் இன்னும் மேற்செல்வர். குடல் அடைபட்டு வயிறு பெருத்தலையும் குடல் துளைபட்டுக் கசிதலையும் இருவேறு உதர நோய்களாக அவர் கொண்டார். இரண்டும் எளிதில் தீராதன என எச்சரித்து, வயிற்றைக் கீறிக் குடலை வெளிக்கொணர்ந்து பார்த்து, துளையின் வாயைக் கருஞ்சிற்றெறும்புகளைக் கடிக்கவிட்டு மூடும் முறையையும் கூறினார். மருந்துக்கு அடங்காத வயிற்றுவலி உண்டு, அது கத்திக்கே உரியது என்பது நம் நாட்டுக்குப் புதிய செய்தியன்று.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு உணவையும் செரிமானத்தையும் பற்றியன. இறுதியில், நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதி மருத்துவன் செயல்பட வேண்டும் என்கிறார் வள்ளுவர். நோயின் அளவை விளக்கும் பரிமேலழகர், அதனைத் தீரக்கூடியது, தீராதது, தணித்து வைக்கத்தக்கது என மூன்றாகவும், தொடக்கம், நடு, இறுதி என்னும் பருவங்களாகவும் பகுக்கின்றார். சூலையைப் பொறுத்தவரை இப்பருவப் பகுப்பே உயிர்நிலை. தொடக்கத்தில் தீரக்கூடியதாயிருந்த அதே நோய் இரண்டு நாட் கழித்துத் தீராததாகிவிடும்.

மேலைநாட்டார் வரலாறும் இதனையே காட்டும். 1735இல் இலண்டனில் கிளாடியசு அமியாண்ட் என்னும் அறுவை மருத்துவர் குடலிறக்கம் உற்ற சிறுவன் ஒருவனின் குடல்வாலை அறுத்தெடுத்தார். ஆயினும் வலக் கீழ்வயிற்று வலிக்குக் காரணம் அக்குடல்வாலே எனத் தெளிவாக நிறுவி, அதற்கு இன்று வழங்கும் பெயரை இட்டவர் பாசுடன் நகரத்து ரெசினால்டு ஃபிட்சு. அஃது 1886இல். இடைப்பட்ட 150 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் 'குடல் வலி', 'குடல் அழற்சி' என்னும் பொதுப்பெயர்களின்கீழ்ப் புதைக்கப்பட்டனர். பெயர் திருந்தியதும் காலமும் திருந்தியது: குடல்வால் வெடிக்குமுன் அறுக்க வேண்டும் என்னும் கொள்கை நிலைபெற்றது. இரைப்பைப் புண்ணும் அவ்வாறே. கவலையும் காரமுமே அதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. 1982இல் ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் இராபின் வாரனும் பேரி மார்சலும் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்து அக்கொள்கையை மாற்றினர். 2005இல் அவர்க்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் நாட்டிலோ, சூலை என்னும் சொல் பேச்சுவழக்கினின்றும் மறைய, அதன் இடத்தை வேறு இரு சொற்கள் பற்றிக்கொண்டன. ஒன்று 'அல்சர்', மற்றொன்று 'கேஸ்'. மேல்வயிற்றில் எவ்வலி தோன்றினும் அல்சர் என்பதும், நெஞ்சு அடைத்தால் கேஸ் என்பதும் ஊர்தோறும் கேட்கப்படும். சூலை என்பதற்கேனும் குத்தல் என்னும் பொருள் உண்டு. இவற்றைக் கூறுவார்க்கோ பொருளே தெரியாது. பெயர் கிடைத்துவிட்டது என்னும் ஆறுதல் மட்டும் எஞ்சுகிறது. மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவும் குமட்டலாகவும் தோன்றுதல் உண்டாதலின், கேஸ் எனக் கருதிச் சோடா பருகி உறங்கச் சென்றோர் எழாமற் போவதும் நிகழ்கின்றது.

ஊரக வழக்கில் 'குடலேற்றம்', 'தொக்கம்' என்னும் இரு சொற்கள் இன்னும் உயிரோடுள்ளன. குழந்தை வாந்தியெடுத்து வயிறு உப்பினால் குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவுதலும், உணவு சிக்கிக்கொண்டது என்று தொக்கம் எடுத்தலும் வழக்கம். இவற்றை வெறும் மூடப்பழக்கம் என்று தள்ளுதல் எளிது. ஆயின் இச்சொற்களின் பின்னே நுட்பமான நோக்கு ஒன்று உண்டு. வாந்தி, உப்பல், மலம் இறங்காமை மூன்றும் கூடினால் குடலின் நடையில் தடை நேர்ந்தது என்பதை முன்னோர் கண்டனர். நோக்கு சரி, செயல்தான் தீங்கு. அடைபட்ட குடலையும் அழன்ற குடல்வாலையும் அழுத்தி நீவினால் அவை கிழிதல் கூடும். அந்நிலையில் ஆமணக்கெண்ணெயோ வேறு பேதிமருந்தோ கொடுத்தலும் அத்தகையதே. திருமுக்கூடலில் மருத்துவன் கையிலிருந்தபோது மருந்தாயிருந்த பொருள், அவன் இல்லாத வீட்டில் நஞ்சாகின்றது.

எனவே எவ்வயிற்றுவலி காத்திருக்கலாம், எது காத்திருக்கலாகாது என்னும் வேறுபாடு வேண்டப்படுகிறது. விருந்துண்ட பின் வரும் பொருமலும், ஒருநாட் கழிச்சலும் பெரும்பாலும் தாமே அடங்கும். கழிச்சலில் இழப்பது நீரும் உப்புமே. 1971இல் வங்க அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியபோது, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை ஊட்டித் திலிப் மகலனாபிசு பல்லாயிரவரைக் காத்தார். அதற்கு மாறாக, திடுமென எழுந்து மணிக்கணக்கில் அடங்காத வலி. கை வைத்தால் பலகைபோல் இறுகிய வயிறு. கொப்பூழைச் சுற்றித் தொடங்கி வலக் கீழ்வயிற்றில் வந்து தங்கி, காய்ச்சலொடு கூடிய வலி. வயிறு வீங்கி, மலமும் காற்றும் பிரியாமல், பச்சையாக எடுக்கும் வாந்தி. இரத்த வாந்தி, தார் போலும் கருமலம். கருவுற்றிருக்கக்கூடிய பெண்ணுக்குக் கீழ்வயிற்று வலியோடு வரும் மயக்கம். வியர்வையும் மூச்சுத்திணறலும் கூடிய மேல்வயிற்று வலி — இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே, அப்பொழுதே மருத்துவமனை சேர்தல் வேண்டும். கண் மஞ்சளித்தல், விழுங்கல் அருமை, காரணமின்றி உடல் மெலிதல், வாரக்கணக்கில் மலத்தில் இரத்தம் என்பன அன்றைய இரவே ஓடவேண்டுவன அல்ல. ஆயினும் நாட்கடத்தத்தக்கனவும் அல்ல. குழந்தையும் முதியோரும் வலியைச் சொல்லால் உணர்த்தாராதலின் அவர்பால் ஐயம் சற்று மிகுதியாகவே கொள்ளத்தகும்.

பெரம்பலூர் 1995இலும் அரியலூர் முடிவாக 2007இலும் தனி மாவட்டங்களாயின. 108 அவசர ஊர்தி 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. ஏர் உழுதவனுக்குச் சூலை வந்தால் எங்குச் செல்வான் என்னும் வினாவுக்கு, கல்வெட்டு தாராத விடை இன்று இந்நிலத்தில் உண்டு.

மொழித்துறையினர்க்கு இதில் ஒரு பணி எஞ்சியுள்ளது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் வாழும் மக்கள் வயிற்று நோவைக் குறிக்க வழங்கும் சொற்கள் இதுவரை முறையாகத் தொகுக்கப்படவில்லை. சீதமும் இரத்தமுமாகப் போகும்போது கடுப்பு என்பர். விட்டுவிட்டு வந்தால் முறுக்கு, விடாது வந்தால் நோவு, மேலே ஏறினால் எதுக்களிப்பு, காற்றாய் நின்றால் பொருமல், உண்டவுடன் தோன்றினால் திம்மென்றிருத்தல். நோயாளி இவற்றுள் எதனைச் சொல்லுகின்றார் என்று கேளாமல் 'வயிற்றுவலி' என்றே எழுதிக்கொள்ளும் இளம் மருத்துவர்க்கு, ஊர்வாரியாகத் தொகுத்த இத்தகைய அகராதி ஒன்று கையிலிருப்பின் நோயின் பாதி அப்பொழுதே புலப்பட்டுவிடும்.